எங்கள் கம்பெனி மெடிக்கல் பாலிசி, இந்த வருடப் புதுப்பிப்பு: ஊழியருக்கு நல்லது, வீட்டுப் பெரியவர்களுக்கு இல்லை

சேலத்தில் கொண்டலாம்பட்டி தாண்டி இருக்கும் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் குரூப் மெடிக்கல் பாலிசியை இந்த மாதம் புதுப்பித்திருக்கிறார்கள். சுற்றறிக்கை வந்த அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் "3 லட்சம் 5 லட்சம் ஆயிடுச்சு" என்று பாலிசித் தொகையைப் பற்றி ஒரு வரி சுற்றியது. ஆளாளுக்கு நன்றி சொல்லிக் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் போன வருடத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுத் தாளை வரி விடாமல் படித்தேன். அந்த 5 லட்சத்தைத் தவிர மாறியிருப்பவை நிறைய. அவற்றில் சில, வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கும் எவரையும் நேராகப் பாதிக்கும்.

கம்பெனி பெயரும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் சொல்லப்போவதில்லை. குரூப் பாலிசி விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய இவைதான். உங்கள் எச்.ஆர். அனுப்பிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊழியர், கணவர் அல்லது மனைவி, இரண்டு குழந்தைகள், இத்தனை பேருக்கும் பிரீமியம் முழுவதும் கம்பெனியே கட்டுகிறது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. சர்க்கரை, தைராய்டு எதுவாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்கு 30,000 என்று இருந்த வரம்பு 40,000 ஆகியிருக்கிறது. அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிறகு 60 நாள் வரையிலான டெஸ்ட், மருந்துச் செலவுகளைக் கேட்டு வாங்கும் வசதி அப்படியே தொடர்கிறது. ஊழியருக்கு 5 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை உண்டு. எங்கள் பிரிவில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் இருக்கிறார்கள்; காசு கொடுத்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள அவர்களுக்கு மனசு வராது. அவர்களுக்கு இது பெரிய உதவி. இதற்கெல்லாம் கம்பெனிக்கு மனதார நன்றி.

இனி அறை வாடகை. போன வருடம் பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்று இருந்தது. தொகை 5 லட்சம் ஆகியிருப்பதால், அதே கணக்குப்படி 5,000 ஆகியிருக்க வேண்டும். ஆனால் புதுத் தாளில் "ஒரு சதவீதம்" என்ற வார்த்தையையே எடுத்துவிட்டு "நாளொன்றுக்கு அதிகபட்சம் ரூ.3,500" என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில், கீழேயிருந்து இரண்டாவது வரி.

"என்ன, வாடகையில் ஆயிரம் ஐந்நூறு கையிலிருந்து போகும், அவ்வளவுதானே" என்று தோன்றும். அப்படி இல்லை. போன வருடம் எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, பித்தப்பையில் கல் என்று சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. அவருக்கு 67 வயது, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஆபரேஷன் என்பதால் நான்கு நாள் இருக்க வேண்டியதாயிற்று. 3,000 ரூபாய்க்குள் இருந்த இரட்டைப் படுக்கை அறைகள் அன்று காலியில்லை. கிடைத்தது 4,500 ரூபாய் ஏ.சி. அறை. வலியில் துடிக்கிற மனுஷியை வைத்துக்கொண்டு அறைக்காகக் காத்திருக்க முடியுமா? சேர்த்துவிட்டோம்.

டிஸ்சார்ஜ் அன்று வந்த பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அறை வாடகை 18,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 90,000. மருந்தும் டெஸ்டும் 32,000. மொத்தம் 1,40,000 ரூபாய். பாலிசித் தொகையோ 3 லட்சம், அதில் பாதியைக்கூட எட்டாத பில். அப்படியும் என் கையிலிருந்து போனது 40,200 ரூபாய்.

எப்படி என்றால், நாம் எடுக்கும் அறையின் வாடகை வரம்பைத் தாண்டினால் வாடகையை மட்டும் குறைப்பதில்லை. அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் குறைப்பார்கள். 4,500 ரூபாய் அறையில் 3,000 தான் அனுமதி, ஆக மூன்றில் இரண்டு பங்கு. வாடகையில் 12,000 கிடைத்தது. 90,000 ரூபாய் 60,000 ஆகிவிட்டது. இந்த வெட்டு மருந்து, டெஸ்ட், உடலுக்குள் பொருத்தும் ஸ்டென்ட் மாதிரியான சாதனங்கள் ஆகியவற்றுக்குக் கிடையாது, ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கிடையாது. அது விதியிலேயே இருக்கிறது. அதனால் 32,000-ல் கையுறை, பஞ்சு, முகக்கவசம் என்று தர முடியாத பட்டியலில் இருந்த 4,200 மட்டும் கழிந்தது. வாடகை வித்தியாசம் வெறும் 6,000. அதன் பின்னாலேயே வந்த வெட்டு 30,000. அட்மிஷன் கவுன்டரில் "வாடகை வித்தியாசம் மட்டும் கட்டினா போதுங்க" என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்த 30,000 பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இதே பில் இந்த வருடம் வந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வரம்பு 3,500 என்பதால் வெட்டு கொஞ்சம் குறைகிறது: வாடகையில் 14,000, டாக்டர் வகையறாவில் 70,000, மருந்து டெஸ்டில் 27,800. கூட்டினால் 1,11,800. ஆனால் பெற்றோருக்கு இந்த வருடம் 20 சதவீதம் கோ-பே என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அனுமதிக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நாம்தான் கட்ட வேண்டும். அதில் 22,360 போய்விடும். மீதி வருவது 89,440. என் கையிலிருந்து போவது 50,560. அதாவது, 3 லட்சம் பாலிசியில் 40,200 ரூபாய் கொடுத்த நான், 5 லட்சம் பாலிசியில் 50,560 கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்த ஒரு வரியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை சேலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு வரும் பில் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை லட்சம் வரைக்கும்தான். 3-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய சிகிச்சை வந்தால்தான் தொடுவோம். அறை வாடகை வரம்பை ஒவ்வொரு அட்மிஷனிலும் தொடுவோம்.

அடுத்தது, எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்த மாற்றம். என் அப்பாவும் இல்லை, மாமனாரும் இல்லை. அம்மா ஏற்காட்டில் இருக்கிறார். காபி எஸ்டேட்டில் காய் பறித்து எங்களை வளர்த்தவர். அத்தை எங்களோடு சூரமங்கலத்தில் இருக்கிறார். போன வருடம் வரை "பெற்றோர் இருவர்" என்ற இடத்தில் அம்மாவையும் அத்தையையும் சேர்த்திருந்தேன். பிரீமியத்தில் பாதியைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. என் சம்பளத்தில் ஒருவருக்கு 4,000 பிடித்தார்கள். இந்த வருடம் ஊழியரின் பெற்றோர் அல்லது துணையின் பெற்றோர், ஏதாவது ஒரு ஜோடி மட்டும்தான். கலந்து சேர்க்க முடியாது. அடுத்த புதுப்பிப்பு வரை மாற்றவும் முடியாது. பிரீமியம் முழுவதும் நம் தலையில்: ஒருவருக்கு 10,000, அதன்மேல் ஜிஎஸ்டி 1,800.

எச்.ஆர். சாரிடம் போய்க் கேட்டேன். "சார், ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர்தான் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் முழுப் பணத்தையும் நானே கட்டிடறேன். சேர்த்துக்க முடியாதுங்களா?"

"சிஸ்டம் எடுக்கமாட்டேங்குது மேடம். கலந்து விட்டா நாலு பேர்ல உடம்பு முடியாத ரெண்டு பேரா பாத்து எல்லாரும் சேத்துடறாங்களாம். போன வருஷம் நாம கட்டின பிரீமியத்தவிட க்ளெய்ம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அதான் இப்படி வெச்சுட்டாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. குரூப் பாலிசியின் பிரீமியத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது போன வருடக் க்ளெய்ம்தான். கட்டியதைவிட அதிகமாக வாங்கியிருந்தால் அடுத்த வருடம் விலையைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் சலுகையைக் குறைப்பார்கள். பெற்றோர் பக்கம்தான் க்ளெய்ம் அதிகம் வரும் என்பதால் கத்தரி முதலில் அங்கேதான் விழும். ஆனால் இந்த விதி, நாலு பேரும் உயிரோடு இருக்கும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது. பொறுக்கி எடுக்க எனக்கு நாலு பேர் இல்லை. இருக்கும் இரண்டு தாய்களில் ஒருத்தியை எடு, ஒருத்தியை விடு என்று ஒரு பெண்ணிடம் விண்ணப்பத் தாள் நீட்டுவது சரியே இல்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிரிவில் மட்டும் இன்னும் மூன்று பெண்களுக்கு இதே பிரச்சினை. வருடா வருடம் எங்கள் கம்பெனியில் கல்யாணமாகி வரும் பெண்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரு நாள் இந்தத் தாள் வரும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "எனக்கு எதுக்கு கண்ணு? அத்தைய சேத்துக்கோ. எனக்குத்தான் மாத்திரை வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாங்களே" என்றார். மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி. மாத்திரை வீடு தேடி வருகிறது, உண்மைதான். ஆனால் மாத்திரை வேறு, ஆபரேஷன் வேறு. பெரிய சிகிச்சை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம்தான் வந்தாக வேண்டும்.

ஆகவே அத்தையைக் கம்பெனி பாலிசியில் சேர்த்தேன். பணம் அதிகம், கோ-பே இருக்கிறது, அப்படியும் சேர்த்தேன். காரணத்தைச் சொல்கிறேன். 67 வயதில் சர்க்கரையும் பி.பி.யும் உள்ளவருக்குத் தனியாகப் புது பாலிசி கேட்டால் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், மறுக்கவும் செய்யலாம். கொடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். முன்பு நான்கு வருடம் வரை இருந்ததை 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மூன்றாகக் குறைத்தது. எங்கள் குரூப் பாலிசியில் அந்தக் காத்திருப்பு இல்லை. இந்த ஒன்றுக்காகவே 11,800 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் முடிவு. எந்த நோயும் இல்லாத, அறுபதைத் தொடாத பெற்றோர் என்றால் நான் தனி பாலிசிதான் எடுப்பேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது; குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது. தனி பாலிசியில் தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "நோயை மறைத்தாய்" என்று சொல்லி க்ளெய்மை மறுக்கவும் முடியாது. வேலையை விட்டாலும் அது நம்மோடு இருக்கும். கம்பெனி பாலிசி, கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும்.

அம்மாவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அவருக்குத் தனி ரேஷன் கார்டு, வருமானம் எஸ்டேட் பி.எஃப். பென்ஷன் மட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கட்டணமில்லாமல் சிகிச்சை பெறலாம். அரசு மருத்துவமனையிலும் செல்லும், திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனையிலும் செல்லும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். ஆனால் இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் செலவுகளுக்கு உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு சேலம் கலெக்டர் ஆபீசில் உள்ள திட்டத்தின் கவுன்டருக்குப் போக வேண்டும். பெற்றோரை இந்த வருடம் விட வேண்டிய நிலையில் இருக்கும் தோழிகள் இதை உடனே பாருங்கள். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை.

வரி பற்றி ஒரு விஷயம். பெற்றோர் பிரீமியத்தை நாம் கட்டுவதால் வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக் கழிவாக (80டி என்று சொல்வது) கழித்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கையில் பொதுவாக எழுதியிருக்கிறார்கள். அது பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். அதோடு, பெற்றோர் என்றால் சொந்தப் பெற்றோர்தான். மாமனார் மாமியாருக்குக் கட்டும் பிரீமியத்தை நம் கணக்கில் காட்ட முடியாது. என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அத்தைக்கு அவரே பிரீமியம் கட்டியிருந்தால் அவர் கழித்துக்கொண்டிருப்பார். என் சம்பளத்தில் பிடிப்பதால் இருவருக்குமே பயனில்லை. எச்.ஆர். இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தையல் பிரிவில் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் சம்பள உயர்வு ஜூலையில் வரும். மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் "ஈ.எஸ்.ஐ. போச்சு, இனி குரூப் பாலிசிதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம். இடையில் சம்பளம் உயர்ந்தாலும் செப்டம்பர் முடிய பிடித்தம் தொடர வேண்டும். அதற்கான பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை உண்டு. அதனால் கார்டைத் தூக்கி எறியாதீர்கள். ஈ.எஸ்.ஐ.யில் சிகிச்சைக்கு 5 லட்சம் என்ற உச்சவரம்பெல்லாம் இல்லை. உடம்பு முடியாமல் லீவு போட்டால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வேறு வரும். குரூப் பாலிசி ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும்தான், லீவுச் சம்பளம் தராது.

சேவை எப்படி என்றால், பரவாயில்லை ரகம். இ-கார்டு ஆப்பில் உடனே வந்துவிட்டது. அத்தையின் அட்மிஷனுக்கு அனுமதியும் சீக்கிரம் கிடைத்தது. டிஸ்சார்ஜ்தான் இழுத்தது. காலையில் டாக்டர் போகலாம் என்று சொல்லி, பில் அனுப்பி, டி.பி.ஏ. (இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக க்ளெய்ம் பார்க்கும் நிறுவனம்) ஒப்புதல் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அத்தை புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். 2024 மே மாதத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் அனுமதியை, அதாவது பில்லை ஆஸ்பத்திரிக்கே நேராகத் தருவதற்கான ஒப்புதலை, ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வசூலித்தால், அதை இன்சூரன்ஸ் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஹெல்ப்லைனில் இதைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. நீங்களும் சொல்லிக் கேளுங்கள். ஒப்புதல் கடிதம் வந்ததும் வெட்டிய தொகைக்கு வரிவாரியாகக் காரணம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது நான் கணக்குப் போட முடிந்ததே அந்தத் தாள் கையில் இருந்ததால்தான்.

மதிப்பெண் போட்டால், ஊழியர், கணவன் மனைவி, குழந்தைகளுக்கு ஐந்துக்கு நான்கு. பெற்றோருக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் காத்திருப்புக் காலம் இல்லாததற்காக. அட்மிட் ஆகும் நிலை வந்தால், கவுன்டரில் முதல் கேள்வியாக "3,500-க்குள்ள என்ன ரூம் இருக்கு, இல்லைன்னா எப்ப காலியாகும்" என்று கேளுங்கள். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் அறை கிடைக்கும் நாளாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள்.

எங்கள் பிரிவில் 26 பேர் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த புதுப்பிப்பில் அறை வாடகையை ரூபாயில் எழுதாமல் "ஒற்றை அறை" என்று எழுதச் சொல்லியிருக்கிறோம்; 5 லட்சத்தை 4 லட்சமாகக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று அதிலேயே எழுதிவிட்டோம். இரண்டு பக்கமும் ஒருவர் மட்டும் மிஞ்சியிருக்கும் குடும்பத்துக்குக் கலந்து சேர்க்க அனுமதி வேண்டும், அதற்கான முழுப் பிரீமியத்தை நாங்களே கட்டுகிறோம் என்றும் கேட்டிருக்கிறோம். எச்.ஆர். சார் மனுவை வாங்கி, நகலில் சீல் போட்டுக் கொடுத்திருக்கிறார். இன்சூரன்ஸ் புரோக்கரோடு பேச்சுவார்த்தை புதுப்பிப்புக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுமாம், அதற்குள் மற்ற பிரிவுகளிலும் கையெழுத்து வாங்க வேண்டும். தையல், சாயம், ஸ்டோர்ஸ் பிரிவுகளில் இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பக்கம் வந்தால் தாள் என்னிடம் இருக்கும்.